இடது காலுக்கு ஒரு சாக்ஸ்

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
8 ஜூன் 2025, ஞாயிறு

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்நேரத்துக்கு உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். கண் முழிக்காதே என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனது மறக்கவில்லை. நூரீன் இப்போதுதான் தூங்கினாள். கேஸை மூடினேனா என்று இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பேனாவை எடுத்தேன். இதை இன்றைக்கே எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

போனில் நான் பத்து வார்த்தை பேசினால் நீங்கள் ஒரு "ம்" போடுகிறீர்கள். பனிமலையில் சிக்னல் கிடைக்காத அந்த வருஷம் பக்கம் பக்கமாக எழுதினவர்தானே நீங்கள். அதனால் நானும் பழையபடி கடிதத்துக்கே வந்துவிட்டேன். கடிதத்துக்கு "ம்" என்று பதில் போட முடியாது பாருங்கள்.

நேற்றுப் பெருநாள். வருகிறேன் என்றீர்கள், வரவில்லை. கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் நடந்ததைக் கேட்டால் நீங்களே சொல்வீர்கள், வராதது நல்லதாகப் போயிற்று என்று.

நீங்கள் பெருநாளுக்கு வருவதாகப் பக்கத்து வீட்டு அமுதவல்லியிடம் சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்த காரியம். நம் தெரு இளைஞர் மன்றத் தலைவன் விஜய்க்கு அது எட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பால் வாங்கப் போனால், தெருமுனையில் தண்ணீர் டேங்குக்குக் கீழே, யூனிஃபார்மில் நீங்கள் நிற்கிறீர்கள், ஆள் உயரத்துக்கு மேல். சுற்றிலும் கறுப்புப் பார்டர். இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. மேலே பெரிய எழுத்தில் "வீரவணக்கம்". அதற்குக் கீழே "எல்லையில் போரிட்ட எங்கள் மாவீரன்". ஒரு ஓரத்தில் "தோற்றம்: 12.4.1991". இன்னொரு ஓரத்தில் "மறைவு:" என்று போட்டு, பக்கத்தில் ஒன்றும் இல்லை.

பால் பாக்கெட்டோடு அங்கேயே நின்று உங்களுக்குப் போன் போட்டேன். எடுத்தீர்கள். "ம்" என்றீர்கள். உங்கள் "ம்" அவ்வளவு இனிப்பாக எனக்கு என்றைக்கும் கேட்டதில்லை. அன்றைக்கு ஒன்றுமே பேசாமல் வைத்துவிட்டேனே, ஏன் என்று நீங்கள் கேட்கக்கூட இல்லை. காரணம் இதுதான்.

விஜய்யைப் பிடித்து, "இன்னாடா இது?" என்றேன். அவன் தலையைச் சொறிகிறான். "சாரிக்கா. பசங்க கடைக்குப் போன்லயே சொல்லிட்டானுங்க. ராணுவ வீரர்னு சொன்னாலே அவங்க கிட்ட இந்த டிசைன்தான் கீதாம். செத்த தேதி இன்னான்னு வேற கேட்டிருக்கான். அது தெரியாதுன்னு இவனுங்க சொல்லிட்டானுங்க. காலைல மாத்திடறோம்க்கா."

காலையில் மாற்றவில்லை. பெருநாள் தொழுகை முடிந்து, நான் பிரியாணிக்குத் தம் போட்டுக்கொண்டிருக்கும்போது, வாசலில் ஏழெட்டுப் பெண்கள். எல்லார் கையிலும் டிபன் கேரியர், பிளாஸ்க். ஒருவர் கழுத்திலும் நகை இல்லை. முன்னால் நின்ற உயரமான, கண்ணாடி போட்ட அம்மா உள்ளே வந்து என்னை அப்படியே கட்டிக்கொண்டார். பெருநாளுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று சிரிக்கிறேன். அவர் என் முதுகைத் தட்டி, "சிரிக்காதம்மா. அழுதுடு. உள்ள வச்சிக்காத" என்கிறார்.

"எதுக்கும்மா அழணும்?"

"பாடி எப்ப வருது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. "பாடி இல்லம்மா. ஆளு உயிரோட புனேல மிலிட்டரி ஆஸ்பத்திரில இருக்காரு. அந்த ஆளே வர மாட்டேங்குறாரு" என்றேன்.

அந்த அம்மா பெயர் செல்வாம்பாள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை நம் ஊரில் சொல்தா என்பார்களே, அவர் வீட்டுக்காரர் அப்படி ஒரு சொல்தா. இந்தப் பக்கத்தில் பட்டாளத்து வீடுகள் எல்லாம், பிரெஞ்சுப் பட்டாளமோ நம் பட்டாளமோ, ஒன்றாகச் சேர்ந்திருக்கிறார்களாம். எந்தப் பட்டாளத்துக்காரர் இறந்தாலும், அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று, மூன்று வேளைச் சாப்பாட்டோடு வீட்டுப் பெண்கள் போய்விடுவார்களாம். சால்வை இல்லை, மைக் இல்லை, சாப்பாடு மட்டும். காலையில் நடக்கப் போனவர் பேனரைப் பார்த்திருக்கிறார். உடனே எல்லார் வீட்டிலும் அடுப்பை மூட்டிவிட்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் செல்வாம்பாள் அக்கா படியில் உட்கார்ந்து சிரித்தார் பாருங்கள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு, "சாவுக்குன்னு எடுத்தாந்த சோத்த திருப்பி எடுத்துனு போவக் கூடாது. உன் பிரியாணிய எறக்கு" என்றார். இட்லி, புளிசாதம், பிரியாணி எல்லாவற்றையும் கூடத்தில் வைத்து எல்லாரும் சாப்பிட்டோம். மச்சான், நான் தனியாகத்தான் பெருநாள் சாப்பாடு சாப்பிடப் போகிறேன் என்று நினைத்திருந்தேன்.

போகும்போது அவர் மட்டும் பின்தங்கினார். "நெசத்த சொல்லு. ஏன் வரல?" என்று கேட்டார். நான் சொல்லிவிட்டேன். மார்ச்சில் நீங்கள் ஊன்றுகோலோடு வந்தபோது நூரீன் உங்கள் பாதிக் காலைப் பார்த்துக் கத்தியதையும், "இது அத்தா இல்ல" என்று கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டதையும், ஒரு மாத லீவில் நான்கே நாளில் நீங்கள் கிளம்பியதையும் சொன்னேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் தானாகத் திறந்துவிட்டது. லாரி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அது உங்களுடையது.

எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "ராத்திரில கத்துவாரா?"

தலையாட்டினேன்.

"கத்தறப்ப லைட்ட போடாத. தொட்டு எழுப்பாத. தள்ளி நின்னு பேரச் சொல்லிக் கூப்புடு. பேரும் ஊரும் சொல்லு. நானு முப்பது வருசமா அதான் செய்யறேன்."

எம்.எஸ்ஸி. படித்தேன், எதை எதையோ கூகிளில் தேடிப் படித்தேன். அந்த நான்கு இரவும் நான் லைட்டைப் போட்டு உங்களைப் பிடித்து உலுக்கினேனே. இனிமேல் செய்ய மாட்டேன். நீங்கள் வர வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் எல்லாரும் கூடுகிற மைதானத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். போகட்டுமா? நூரீனுக்கு லேசாகச் சளி இருக்கிறது, பயப்படும்படி இல்லை.

பேனரை இன்றைக்குக் காலையில் கழற்றிவிட்டார்கள்.

அன்புடன்,
தஹ்ஸீன்

*

புனே
15 ஜூன் 2025

அன்புள்ள தஹ்ஸீனுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. பக்கத்துக் கட்டில்காரன் ஹரியானாக்காரன். நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, மூளையும் போய்விட்டதோ என்று பயந்து நர்ஸைக் கூப்பிட்டான். அப்புறம் இந்தியில் சொன்னேன். இப்போது வார்டு முழுக்க என்னை "மர்ஹூம் சாப்" என்று, காலமானவனாக்கிக் கூப்பிடுகிறார்கள். தினமும் யாராவது ஒருவன் வந்து மறைவு தேதி முடிவாயிற்றா என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

சிரிப்பு அந்தப் பக்கம் இருக்கட்டும். அந்தப் பேனரில் எழுதியிருந்த இன்னொரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லையில் போரிட்டவன். யார் போரிட்டது? ரேஷன் லாரியில் தக்காளி மூட்டை மேல் உட்கார்ந்து வந்தேன். டிரைவர் ஒரு வளைவில் வண்டியைப் பள்ளத்தில் விட்டுவிட்டான். நான் சுடவில்லை, என்னையும் யாரும் சுடவில்லை. என் மேல் வழிந்தது பாதி ரத்தம், பாதி தக்காளி. அந்தத் தெருவில் நடந்து வந்தால் ஒவ்வொரு வாசலிலும் நின்று இதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் சால்வை வாங்கிக்கொள்ளவும் என்னால் முடியாது.

நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இங்கே ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை சொல்லியிருக்கிறார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை. என் பழைய யூனிட் ஆள் ஒருவனோடு அறையில் இருந்துகொள்ளலாம். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சேர வேண்டும். இங்கே யாருக்கும் நான் யார் என்று தெரியாது, எனக்கு அது பிடித்திருக்கிறது. புதுக் கால் பொருத்தியாயிற்று. நடக்கிறேன். மாடிப்படி இன்னும் தகராறு.

நூரீன் என்னைப் பார்த்துக் கத்தினது அவள் தப்பு இல்லை. இன்னொரு தரம் அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. கொஞ்சம் பெரியவளாகட்டும்.

மைதானத்துக்குப் போவதானால் போ. காற்றாட இருக்கும். சளிக்கு மருந்து கொடுத்தாயா?

உஸைர்

*

முதலியார்பேட்டை
22 ஜூன் 2025, ஞாயிறு

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி என்று காலண்டரில் பார்ப்பதற்கே பயமாக இருந்தது. திட்டி ஒரு கடிதம் எழுதி, கிழித்தும் போட்டேன். இன்றைக்கு அதையெல்லாம் விட்டுவிட்டு வேறு கடிதம் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

முதலில் அந்த இடத்தைச் சொல்கிறேன். மூடிக் கிடக்கிற மில்லின் மதில் ஓரமாக ஒரு செம்மண் தரை இருக்கிறதே, அங்கேதான் பெத்தாங்க் விளையாடுகிறார்கள். பீச் பக்கம் கிழவர்கள் இரும்புக் குண்டு போட்டுக்கொண்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு சின்ன மரக்குண்டை முதலில் எறிகிறார்கள். பிறகு யார் இரும்புக் குண்டு அதற்குக் கிட்டே போகிறது என்று பார்க்கிறார்கள். கிட்டே போயிற்றா இல்லையா என்று டேப் வைத்து அளந்து அளந்து சண்டை போடுகிறார்கள். குண்டு போடுகிற நேரத்தைவிடச் சண்டை போடுகிற நேரம் அதிகம்.

மச்சான், இந்த விளையாட்டில் ஓடக் கூடாது. மண்ணில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இரண்டு காலையும் ஊன்றி நிற்க வேண்டும். குண்டு கையை விட்டுப் போய் விழுகிற வரைக்கும் கால் அசையக் கூடாது. அசைந்தால் தப்பாட்டம்.

செல்வாம்பாள் அக்கா வீட்டுக்காரர் பெயர் பலராமன். வலது கால் முட்டிக்குக் கீழே கிடையாது. உங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் போன ஞாயிற்றுக்கிழமையே நாங்கள் போய்விட்டோம்; அன்றைக்கு அவர் பேண்ட் போட்டிருந்ததால் எனக்கே தெரியவில்லை. யாரோ கால் அசைந்துவிட்டது என்று அவரோடு சண்டைக்குப் போனார்கள். அவர் பேண்டைத் தூக்கிக் காலில் டொக் டொக்கென்று தட்டிக் காட்டினார். "இது எப்படிடா அசையும்? இந்த ஊர்லயே ஃபவுல் பண்ணாத ஒரே காலு என் காலுதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நூரீன் பார்த்துவிட்டாளா என்று திரும்பினேன். பார்த்துவிட்டாள். என் சேலைக்குப் பின்னால் போய் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வருகிற வரைக்கும் விடவில்லை. இனிமேல் அங்கே போவதில்லை என்றுதான் அன்று முடிவு செய்தேன். உங்களுக்கு அதை எழுத மனசு வரவில்லை.

இன்று மூன்று மணிக்கே செல்வாம்பாள் அக்கா வாசலில் வந்து நிற்கிறார். "வேணாங்க்கா, குழந்த பயப்படுது" என்றேன்.

"பயந்தா பயப்படட்டும். ஒன்னும் கட்டாயம் இல்ல. தூரமா குந்தினு சுண்டல் துன்னட்டும். யாரும் அத காலு கிட்ட கூப்ட மாட்டோம்" என்றார்.

போனோம். சொன்ன மாதிரியே யாரும் நூரீனைக் கூப்பிடவில்லை. அவள் பெஞ்சின் இந்தக் கோடியில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பலராமன் அண்ணன் ஒரு ஆட்டம் முடித்து வந்து, பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்து, "யப்பா, புழுக்கம்" என்று சொல்லிக் காலைக் கழற்றினார். செருப்பைக் கழற்றுகிற மாதிரி கழற்றிப் பெஞ்சின் மேல் நிற்க வைத்துவிட்டு, அடுத்த ஆட்டத்தைப் பார்த்து யாரையோ திட்ட ஆரம்பித்துவிட்டார். நூரீன் பக்கம் திரும்பவே இல்லை.

நான் எழுந்து அவளைத் தூக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடியை விடவே இல்லை.

நூரீன் சுண்டலை நிறுத்தினாள். பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். மறுபடி பார்த்தாள். ஒவ்வொரு சுண்டலாக வாயில் போட்டுக்கொண்டே நகர்ந்து நகர்ந்து அந்தக் காலுக்குப் பக்கத்தில் போய்விட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "தாத்தா, இதுக்கு வலிக்குமா?"

அவர் திரும்பாமலே, "அதுக்கா? அதுக்கு ஒன்னும் தெரியாது. சோம்பேறி. தூக்கினு போனாதான் வரும்" என்றார்.

"இது ஏன் வந்துச்சு?"

அவ்வளவுதான், அவருக்குக் கதை சொல்லக் காரணம் கிடைத்துவிட்டது. ஆப்பிரிக்காவில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சமையல்கட்டில் இருந்தாராம். லாரியிலிருந்து பெரிய ஃப்ரிட்ஜ் ஒன்றை இறக்கும்போது அது சரிந்து இவர் கால் மேல் விழுந்ததாம். நம் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற தணிகாசலம் ஐயா அங்கிருந்தே கத்துகிறார். "கேட்டுக்கோ பாப்பா, ஃப்ரிட்ஜு கூட சண்ட போட்டு தோத்துட்டு வந்த ஆளு. அதுக்கு மெடல் வேற கேட்டாரு." பலராமன் அண்ணன், "நான் மட்டுமா தோத்தேன், உள்ள இருந்த முட்டையெல்லாம் வீரமரணம்" என்றார். அந்த இடமே அதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதே கதையைச் சொல்வாராம், ஒவ்வொரு வாரமும் முட்டை கூடிக்கொண்டே போகிறதாம்.

மச்சான், நான் உங்கள் கடிதத்தை நினைத்தேன். தக்காளியை நினைத்தேன். சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றேன். அந்த இடத்தில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். கால் எப்படிப் போயிற்று, கை எப்படிப் போயிற்று என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. சொல்பவர் தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். கேட்கிற உரிமை சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

இன்னும் முடியவில்லை. நூரீன் அந்தக் காலைத் தொட்டாள். ஒரு விரலால். பிறகு கையால். பிறகு தன் காலில் இருந்த ஸ்கூல் சாக்ஸைக் கழற்றி அதற்கு மாட்டப் பார்த்தாள். அது கட்டைவிரலோடு நின்றுவிட்டது. அதற்கு ஒரே அழுகை. பயத்தில் இல்லை மச்சான், சாக்ஸ் பத்தவில்லை என்று அழுகை.

வீட்டுக்கு வருகிற வழியில், வண்டிச் சத்தத்தில், என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "அத்தாவுக்கும் இந்த மாதிரி காலா?"

"ஆமாம்மா."

"கழட்ட வருமா?"

"வரும்."

"அப்ப அது அத்தாதான்" என்றாள்.

இதற்கு மேல் நான் என்ன எழுதுவது? மார்ச் மாதம் கட்டு போட்ட காலும் மடித்துக் கட்டின பேண்டுமாகத்தான் உங்களைப் பார்த்தாள். என்னமோ நடந்துவிட்டது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது, என்ன என்று நாம் யாரும் சொல்லவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன், நீங்களும் போர்வையைப் போட்டு மூடிக்கொண்டீர்கள்.

வேலைக்கு இன்னும் கையெழுத்துப் போடவில்லைதானே?

தஹ்ஸீன்

*

புனே
3 ஜூலை 2025

அன்புள்ள தஹ்ஸீன்,

கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. உடனே பதில் எழுத முடியவில்லை. பேனா இல்லாமல் இல்லை.

சில விஷயம் தெரிய வேண்டும்.

அவள் முதலில் தொட்டது எந்த இடத்தில்? பாதத்திலா, மேலேயா? தொடும்போது முகம் எப்படி இருந்தது? போட்டோ எடுத்திருந்தால் அனுப்பாதே. நான் நேரில் பார்க்காத ஒன்றைப் போட்டோவில் பார்த்தால் அன்றைக்குத் தூக்கம் போய்விடும். எழுது, போதும்.

அந்தக் குண்டு என்ன எடை இருக்கும்? குனிந்து எடுக்க வேண்டுமா? எனக்குக் குனிவது இன்னும் சரியாக வரவில்லை. செம்மண் தரை என்றாயே, மழை பெய்தால் வழுக்காதா? சும்மா கேட்கிறேன். ஹரியானாக்காரனும் கேட்டான்.

பலராமன் அண்ணன் கால் பிரெஞ்சுக் காலா, இந்தியக் காலா? பாதம் மடங்குமா?

தக்காளி விஷயத்தை அங்கே சொல்லிவிட்டாயா?

வேலைக்கு இந்த மாதம் இருபத்தைந்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை. இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ராத்திரியில் கத்தினால்கூட யாரும் எழுந்து வருவதில்லை, பக்கத்தில் ஹரியானாக்காரனும் கத்துகிறான். அது சௌகரியம் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன்.

நேற்று நடைப் பயிற்சியில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் நின்று பார்த்தேன். கால் அசையாமல் நிற்கத்தான் நிற்கிறது.

உஸைர்

*

முதலியார்பேட்டை
14 ஜூலை 2025, திங்கள்

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இரவு வெகுநேரம் ஆகிவிட்டது, தெரியும். இந்த ஒரு தரமும் திட்டாதீர்கள். நேற்று எழுத நேரமே கிடைக்கவில்லை, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கேள்விகள். பாதத்தில்தான் தொட்டாள், சுண்டு விரல் பக்கம். முகம், ஐஸ்கிரீமை முதல் தரம் தொட்டபோது எப்படி வைத்துக்கொண்டாளோ அப்படி. குண்டு முக்கால் கிலோ இருக்கும். குனிய வேண்டாம், கயிற்று நுனியில் காந்தம் கட்டித் தொங்கவிட்டு எடுக்கிறார்கள், பாதிப் பேருக்கு முதுகுவலி. மழை பெய்தால் வழுக்கும், அதனால் அன்றைக்கு உட்கார்ந்து சண்டை மட்டும் போடுகிறார்கள். கால் பிரெஞ்சுக் கால், பாதம் கொஞ்சம் மடங்கும். உங்கள் கால் மடங்குமா என்று அண்ணன் திருப்பிக் கேட்கிறார்.

தக்காளி விஷயத்தை நான் சொல்லவில்லை. நீங்கள் வந்து சொல்லுங்கள். ஆனால் ஒன்று, முட்டைக்கும் தக்காளிக்கும் போட்டி வைத்தால் எது ஜெயிக்கும் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ஆம்லெட் போட்டுவிடலாம்.

சிரித்தீர்களா?

உங்கள் பேனரும் மைதானத்துக்கு வந்துவிட்டது. விஜய் கூட்டத்துக்கு அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லையாம். ஒரு நாள் தணிகாசலம் ஐயா அவர்களைக் கூப்பிட்டு, "டேய், மரியாத செய்யணும்னா உருப்படியா ஒன்னு செய்ங்கடா" என்றார். நாலு மூங்கில் நட்டு, பேனரைப் படம் கீழே பார்க்கிற மாதிரி மேலே கட்டி, பெஞ்சுக்குக் கூரை போட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளை. பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்தால் நீங்கள். "போரிட்ட" என்கிற வரி மேல் அக்கா ஒரு பெரிய காலண்டரை ஒட்டிவிட்டார். ஏன் ஒட்டினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பலராமன் அண்ணன் மட்டும் மழை வந்தால் மேலே பார்த்து, "சீக்கிரம் வரச் சொல்லும்மா உன் ஆள, பாவம் நனையறாரு" என்கிறார்.

விஜய் நம் வீட்டு வாசல் படிக்கு ஒரு கைப்பிடி வைக்கட்டுமா என்று கேட்டான். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம். இந்தத் தரம் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது என்று மைதானத்துப் பெரியவர்கள் அவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். வேலை பற்றித் தணிகாசலம் ஐயா, "வந்து ஒரு மாசம் சும்மா இருக்கட்டும். பேப்பரெல்லாம் நான் பாத்துக்கறேன். வேலை இந்த ஊர்லயும் இருக்கு" என்றார்.

போன வாரம் நூரீனுக்கு ஜுரம். பயப்படாதீர்கள், சரியாகிவிட்டது. ராத்திரி ஜுரம் ஏறினபோது எனக்கு அழுகையாக வந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். பத்து நிமிஷத்தில் அண்ணன் ஸ்கூட்டரில் அவரைக் கொண்டுவந்து இறக்கினார். விடியும் வரை இரண்டு பேரும் மாறி மாறித் துணி நனைத்துப் போட்டோம். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், இங்கே வந்தால் எல்லாப் பாரமும் உங்கள் மேல்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே, அது இல்லை.

இனி நேற்று. நேற்று ஜூலை பதின்மூன்று. மறுநாள் பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள் என்பதால், சொல்தாக்கள் எல்லாரும் ராத்திரியில் காகித விளக்கு ஏந்திக்கொண்டு பீச் ரோட்டில் நடப்பார்களே, அதற்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மைதானத்து ஆட்கள் எல்லாருமே போனோம். தணிகாசலம் ஐயா, "அவன் நாளுக்கு நான் விளக்கு தூக்கறேன், ஆகஸ்ட் பதினஞ்சுக்கு அவன் கொடி தூக்கணும். இதான் ஒப்பந்தம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு நடந்தார். பாண்டு வாசிக்க, கடல் காற்றில் விளக்கெல்லாம் ஆட, நூரீனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சிவப்பு விளக்கு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பலராமன் அண்ணன் பக்கத்தில் அவர் நடைக்குச் சரியாக நடந்தாள். அவர் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடப்பார். இவளும் அப்படியே சாய்ந்து நடந்தாள். கேலி செய்கிறாளோ என்று எனக்குச் சங்கடம். கிட்டே போய் அதட்டினேன். அவள் என்னைப் பார்த்து, "அத்தா வந்தா கூட நடக்கணும்ல, பழகிக்கறேன்" என்றாள்.

இதை உங்களுக்கு எழுதத்தான் இன்றைக்கு முழுக்க நான் காத்திருந்தேன்.

இந்தப் பார்சலில் ஒரு சாக்ஸ் இருக்கும். ஒன்றுதான் இருக்கும், தபாலில் தொலைந்துவிட்டதோ என்று தேடாதீர்கள். நேற்று மத்தியானம் சண்டே மார்க்கெட்டில் நூரீன் பிடிவாதம் பிடித்து வாங்கினது. மஞ்சள், அதில் வாத்து. பெரிய ஆள் அளவில் அந்த ஒரு ஜோடிதான் இருந்தது. நடைக்குக் கிளம்பும்போது ஒன்றைப் பலராமன் அண்ணனின் வலது காலில் தானே மாட்டிவிட்டாள். அந்த வாத்தோடுதான் அவர் கடற்கரை முழுக்க நடந்தார், நெஞ்சில் மெடல் எல்லாம் குத்திக்கொண்டு. இன்னொன்று உங்கள் இடது காலுக்கு. பழைய காலுக்குப் போடக் கூடாது, புதுக் காலுக்குத்தான் என்று கண்டிப்பாக எழுதச் சொன்னாள். அண்ணன் சொல்கிறார், "நல்லதாப் போச்சு. எனக்கு வலது, அவருக்கு இடது. ரெண்டு பேருக்கும் ஒரு ஜோடி போதும். அடுத்த ஆட்டத்துல அவர் என் கட்சி. பேர எழுதிட்டேன்."

நிஜமாகவே எழுதிவிட்டார். மதில் மேல் கரியில் ஜோடிகளின் பெயர் எழுதியிருக்கிறது. பலராமன், பக்கத்தில் உஸைர். ஆகஸ்ட் மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். நீங்கள் வராவிட்டால் அவர் தனியாக ஆட வேண்டும்.

வேலைக்கு இருபத்தைந்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றீர்கள். நான் கெஞ்சப் போவதில்லை. ஒருவருக்கும் தெரியாத ஊரில் இருப்பது உங்களுக்கு நிம்மதி என்றால் அதையும் எனக்கு எழுதுங்கள், புரிந்துகொள்ளப் பார்க்கிறேன். ஆனால் ராத்திரியில் நீங்கள் கத்தினால் தள்ளி நின்று "உஸைர், முதலியார்பேட்டை" என்று சொல்ல இங்கே நான் இருக்கிறேன். அக்கா சொன்ன மாதிரியே, லைட்டைப் போடாமல்.

சாக்ஸ் அந்தக் காலுக்குச் சரியாக இருக்கிறதா, எந்தத் தேதி ரயில், படிக்குக் கைப்பிடி வேண்டுமா, இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். இருபத்தைந்துக்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
தஹ்ஸீன்